ஆராய்ச்சி மணியின் கயிறு

மனுநீதிச் சோழன் கதையை நீங்கள் இளவகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். திருவாரூரில் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அரசிளங்குமரன் ஊர்ந்து சென்ற தேரின் காலில் அகப்பட்டுக் கன்று ஒன்று மாண்டது. தாய்ப்பசு வந்து மணிக்கயிற்றை அசைத்தது. மன்னன் வெளிப்போந்து முறை செய்தான். இக்கதையை யான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் சொல்லி வந்தேன். சொல்லுந்தோறும் மாணவர் சிலர் கண்ணில் நீர் துளிக்கும். எனக்கும் குரல் தழுதழுக்கும். ஆயினும், அப்பசு அரண்மனை இருந்த ஊரிலேயே வாழ்ந்த பசு என்பதை ஒருநாளேனும் யான் எண்ணிப் பார்த்ததில்லை. கன்று மாண்ட தெருவுக்கும் மணி தொங்கிய வாயிலுக்கும் நெடுந்தொலைவு இல்லை. பல காதம் தள்ளிக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு பசு தன் கன்றை இழந்திருந்தால் அஃது என் செய்திருக்கும்? மணி ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரிந்திராது.

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவள் என் பழைய மாணவி ஒருத்தி. உச்சிப்புளிக்கு அருகிலுள்ள ஊரொன்றில் பிறந்து, பனங்காட்டுப் பாதையில் நடந்து வந்து படித்து, பின்னர்ச் சட்டம் பயின்றவள். மதுரையில் மனித உரிமை அமைப்பொன்றில் பணி புரிகின்றாள். "நீ அங்கே செய்யும் வேலைதான் என்ன, அம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஐயா, மணி இருக்கிறது, கயிறுதான் எட்டவில்லை. கயிற்றை நீட்டிக் கொடுப்பது எங்கள் வேலை" என்றாள்.

அவள் சொன்னது பொருத்தமான உவமையே. இன்று நம் நாட்டில் ஆராய்ச்சி மணிகள் பல உள்ளன. அரசியலமைப்புச் சட்டம் உண்டு. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் உண்டு. 1993ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையமும், 1997ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில மனித உரிமை ஆணையமும் அமைந்தன. ஆணையத்திற்கு விண்ணப்பம் எழுதுவதற்குக் கட்டணம் ஏதுமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினாலும் போதும். ஆனால் நிகழ்ச்சி நடந்த ஓராண்டுக்குள் எழுதுதல் வேண்டும். இவ்விரண்டு செய்திகளையும் நம் கடற்கரையில் எத்தனை பேர் அறிவர்? 2004ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையில் அமையும் வரை, இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த ஏழை ஒருவர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டுமாயின் சென்னைக்கே செல்லுதல் வேண்டும். இரண்டு நாள் கூலியும் இரயில் கட்டணமும் இன்றி எப்படிச் செல்வது? அங்கே போய் யாரைக் காண்பது? மணி வாயிலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மனித உரிமைக்காகவும் குடியாட்சி முறைக்காகவும் உழைக்கும் இத்தகைய அமைப்புகளைப் பற்றி ஊரில் இருவகைக் கருத்துகள் உலவக் காண்கின்றோம். அவர்கள் அரிசியும் துணியும் வழங்கும் தருமவான்கள் என்று கருதுவோர் சிலர். அரசைக் குறை கூறுவதையே தொழிலாகக் கொண்ட கலகக்காரர் என்று கருதுவோர் சிலர். இரண்டும் பிழை என்பது என் கருத்து. யான் ஏன் இங்ஙனம் கருதுகிறேன் என்பதை விளக்க, எனக்குப் பழக்கமான ஒரு நூலிலிருந்தே தொடங்குகின்றேன்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட இடத்தைக் கருதுங்கள். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை மட்டும் கொண்டு பாண்டியன் ஆணையிட்டான். ஆராயவில்லை. இது யாவரும் அறிந்ததே. ஆயின் அதற்குப் பின் நிகழ்ந்ததை நாம் விரைந்து படித்துக் கடந்து விடுகிறோம். கோவலனைக் கண்ட காவலர்களுள் சிலர், இவன் தோற்றம் கள்வனுடையது அன்று என்று ஐயுற்றார்கள். பொற்கொல்லன் கள்வர் இயல்பு பற்றி நெடும்பேச்சுப் பேசி அவ்வையத்தைக் கலைத்தான். கேட்டு நின்றவர்களுள் கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசினான். அவ்வளவில் முடிந்தது. ஐயுற்றவர் அங்கே இருந்தனர். ஐயத்தை உரக்கச் சொல்லி, "நில்லுங்கள், சிலம்பை ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று இடைமறிப்பார்தாம் இல்லை. கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது மன்னன் செவி சாய்த்தான். பிழையை உணர்ந்து உயிரையும் விட்டான். அவன் கொடியவன் அல்லன். உரிய சொல் உரிய காலத்தில் அவன் செவிக்கு எட்டவில்லை என்பதே அங்கே நேர்ந்த கேடு.

ஐயத்திற்கும் வாளுக்கும் இடையே நின்று வாய் திறப்பாரை நம் காலத்தில் ஓர் அமைப்பாகத் திரட்டியவர்களுள் ஜெயப்பிரகாச நாராயணர் தலையாயவர். 1975 சூன் 25ஆம் நாள் இரவில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர். நாளிதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. சிறையில் உடல்நலம் பெரிதும் கெட்ட நிலையில் ஜெயப்பிரகாசர் விடுவிக்கப்பட்டார். சிறையில் அடைக்கப்பட்டோர் தம்மை விடுவிக்குமாறு நீதிமன்றத்தை அணுகவும் இயலாது என்று 1976 ஏப்பிரல் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மணியின் நாவையே கட்டிவிட்ட தீர்ப்பு அது என்பேன். அத்தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே 2017ஆம் ஆண்டில் கூறியது. நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து.

அவ்விருண்ட நாள்களில், 1976ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மக்கள் குடியுரிமைக்கும் சனநாயக உரிமைகளுக்குமான அமைப்பு ஒன்றை ஜெயப்பிரகாசர் நிறுவினார். கொள்கை வேறுபாடு உடையோரும் உரிமை என்னும் ஒன்றில் மட்டும் கூடி நிற்றல் வேண்டும் என்பது அவர் விருப்பம். 1977ஆம் ஆண்டில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, உடனே அவ்வமைப்பும் சோர்ந்தது! உரிமைதான் வந்துவிட்டதே, இனி அமைப்பு எதற்கு என்று பலர் எண்ணிவிட்டனர் போலும். 1980ஆம் ஆண்டில் மீண்டும் அதற்கு உயிரூட்ட வேண்டியதாயிற்று. இன்று 'மக்கள் சிவில் உரிமைக் கழகம்' என வழங்குவது அதுவே. விடியற்காலையில் விளக்கை அணைப்பது இயல்பு. எண்ணெயையும் கொட்டிவிடுதல் கூடாது.

இவ்வமைப்பு தொடுத்த வழக்கு ஒன்று நும் உண்கலத்தோடு தொடர்புடையது. 2001ஆம் ஆண்டில் இராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பசித்திருந்தனர். அதே மாநிலத்தில் அரசின் கிடங்குகளில் தானியம் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. இதனைக் கண்ட அமைப்பினர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள், அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த நண்பகல் உணவு வழங்குதல் வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் காமராசர் காலத்திலேயே மதிய உணவு வந்துவிட்டது. 1982ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் அது விரிந்தது. ஆதலின் நமக்கு இவ்வாணையின் அருமை எளிதில் புலப்படாது. பிற மாநிலங்கள் பலவற்றில் குழந்தைகளின் தட்டில் சுடுசோறு விழுந்தது இதன் பின்னரே. அமைப்பினர் தம் கையால் ஒரு பிடி அரிசியும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய கையைச் சுட்டிக் காட்டினர். தருமத்திற்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தருமத்தைப் பெறுவோன் தலை குனிந்து பெறுகிறான்; உரிமையைப் பெறுவோன் நிமிர்ந்து நின்று கையெழுத்திட்டுப் பெறுகிறான்.

இனி, இவ்வமைப்புகளில் பணி புரிவோர் நாள்தோறும் செய்வது யாது? மேடையேறி முழங்குதல் அன்று. பெரும்பாலும் கேட்டலும், எழுதலும், காத்திருத்தலுமே. பேருந்தில் ஊர் ஊராகச் செல்வார்கள். அழுதுகொண்டு பேசுவோர் முன் பொறுமையுடன் அமர்வார்கள். மருத்துவமனைச் சீட்டையும் காவல் நிலையத்தில் தந்த சிற்றேட்டையும் படி எடுப்பார்கள். நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தா வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சியை அழைத்துச் செல்வார்கள். அவர் வழியில் பசித்திருந்தால் இட்லி வாங்கித் தருவார்கள். பாட்டுடைத் தலைவனாக்கிப் பாடுதற்குரிய செயல்கள் இவற்றில் ஒன்றும் இல்லை.

ஒரு கடிதத்தின் கதையைக் கேளுங்கள். மேற்கு வங்கத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் டி. கே. பாசு என்பவர். காவல் நிலையங்களில் அடைக்கப்பட்டோர் இறந்துபோகும் செய்திகள் நாளிதழ்களில் வருவதைக் கண்டார். நாமும் காண்கிறோம், தாளைப் புரட்டுகிறோம். அவர் அச்செய்திகளைக் கத்தரித்து இணைத்து, 1986 ஆகஸ்ட் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு வந்த நாள் 1996 திசம்பர் 18. கடிதம் எழுதிய கை பத்தாண்டுகள் ஓயாமல் காத்திருந்தது. பயன் யாது? கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிதல் வேண்டும். கைது செய்த நேரத்தையும் நாளையும் குறித்து, சாட்சி ஒருவரின் கையெழுத்துடன் குறிப்பேடு எழுதுதல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி அறிவித்தல் வேண்டும். காவலில் உள்ளவரை நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தல் வேண்டும். இவ்வாறு பதினொரு விதிகள். இவற்றைக் காவல் நிலையங்களில் யாவரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் தீர்ப்பில் உண்டு. அடுத்த முறை ஒரு காவல் நிலையத்தின் முன் செல்லும்போது அப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின் நின்று படியுங்கள், படிப்பது குற்றமன்று.

கேட்டலும் எழுதலும் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அவை எளியன அல்ல என்பதை யான் பட்டறிந்த வரலாறு ஒன்று உண்டு. சற்று நாணத்துடன் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, முன்னே குறித்த மாணவி மூதாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மூதாட்டியின் மருமகளை ஏதோ ஒரு திருட்டின் பொருட்டு ஐயுற்று, ஒரு காவல் நிலையத்தார் அழைத்துச் சென்றிருந்தனர். அப்பெண் மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது நடக்க இயலாதவளாக இருந்தாள். மூதாட்டி கண்டதை அவர் சொன்னபடியே மாணவி குறித்து வைத்திருந்தாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். அதனால், ஆணையத்துக்கு அனுப்ப அதனைத் தெளிவாகப் படியெடுத்துத் தருமாறு வேண்டினாள்.

யான் படியெடுத்தேன். வெறுமனே படியெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொச்சை மொழி என் கண்ணை உறுத்தியது. "வெள்ளி முளைக்கிறதுக்கு முன்னாலயே வந்து கூட்டிட்டுப் போயிட்டாக" என்று மூதாட்டி சொல்லியிருந்தார். யான் அதனை, "புலர்காலைப் பொழுதில் வந்து அழைத்தேகினர்" என்று அழகுபடுத்தினேன். அவர் "அடிச்சாக" என்றதை "துன்புறுத்தினர்" என்றாக்கினேன். இரண்டு பக்கமும் இவ்வாறே செப்பமுற்றன. பெருமிதத்துடன் மாணவியிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள் போலும். பிறகு, "ஐயா, வெள்ளி முளைக்குமுன் என்றால் இருட்டு. புலர்காலை என்றால் வெளிச்சம் வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பில் சொல்லிவிடுவார்கள். பெண்ணைக் கதிரவன் மறைந்த பிறகும் எழுவதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது என்பது சட்டம்; விதிவிலக்கான நிலையில் பெண் காவல் அதிகாரி நடுவரின் முன் இசைவு பெற்றே செய்யலாம். வழக்கே அந்த வெள்ளியில்தான் நிற்கிறது" என்றாள். மீண்டும் தாளைப் பார்த்து, "துன்புறுத்தினர் என்றால் பசியும் துன்பம்தான், ஏச்சும் துன்பம்தான். பாட்டி அடித்ததைத்தானே சொன்னார்கள்? எதனால் அடித்தார்கள், எத்தனை அடி என்று மருத்துவர் சீட்டோடு பொருந்த வேண்டும். அவர் சொன்ன சொல்லே இருக்கட்டும், ஐயா" என்றாள்.

எனக்கு முகம் வெளிறியது. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த முறையை எத்தனையோ முறை யான் புகழ்ந்து பேசியிருக்கிறேன். ஏட்டில் கண்ட பாடத்தைத் தமக்குத் தோன்றியவாறு திருத்தாமல், பாடபேதங்களை அடியில் காட்டிய நேர்மை அவருடையது. பொருள் விளங்காத இடத்தில் தம் சொல்லைப் பெய்து ஏட்டைக் கெடுத்த பழைய படியெழுத்தர்களை யான் வகுப்பில் எள்ளியதும் உண்டு. அன்று மாலை யானே அப்படியெழுத்தர்களுள் ஒருவனாகியிருந்தேன். ஏடு என்றால் மாற்றக் கூடாது, ஏழைக் கிழவியின் சொல் என்றால் மாற்றலாம் என்று என் உள்ளம் எங்கே கற்றது? தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். 'முன்னாலயே' என்பதை எழுதும்போது கை சிறிது தயங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விண்ணப்பம் சென்றது, விசாரணை தொடங்கியது. அது முடியும்வரை இதற்கு மேல் சொல்லுதல் முறையன்று.

சொன்ன சொல்லை மாற்றாமல் ஊரறியப் படித்துக் காட்டினாலே என்ன நேரும் என்பதற்கு இராஜஸ்தானிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அருணா ராய் என்பவர் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதனைத் துறந்து சிற்றூர் மக்களிடம் சென்றவர். அவரும் அவ்வூர்த் தோழர்களும் 1990ஆம் ஆண்டில் உழவர், தொழிலாளர் ஆற்றல் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். சாலை போட்ட கூலி முழுதும் தரப்படவில்லை என்று மக்கள் முறையிட்டபோது, அவர்கள் முழக்கமிடுவதற்கு முன் கூலிப் பதிவேட்டைத் தேடினர். 1994ஆம் ஆண்டில் ஊர்ப் பொதுவில் கூட்டம் கூட்டி அப்பதிவேட்டை உரக்கப் படித்தனர். ஏட்டில் கூலி பெற்றதாக எழுதப்பட்டவர்கள் எழுந்து, தாம் பெறவில்லை என்றனர். வேலைக்கே வராதவர் பெயரும் அதில் இருந்தது. அரசின் ஏட்டைக் காண மக்களுக்கு உரிமை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்தனர். இதற்கிடையில் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றி மாநிலங்களுள் முந்திக்கொண்டது. அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி என்ற குறை சொல்லப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. இன்று உங்கள் ஊர்ச் சாலைக்குச் செலவான தொகையைப் பத்து உரூபாய் கட்டி நீங்கள் கேட்கலாம் அன்றோ? அவ்வுரிமை ஒரு கூலிப் பதிவேட்டை உரக்கப் படித்ததில் பிறந்தது.

ஆயினும், எல்லா ஏடுகளும் விரைந்து பயன் தருவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. 1992 சூன் 20ஆம் நாள், சந்தன மரங்களைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் அவ்வூரில் புகுந்தனர். மக்களை அடித்தனர், வீடுகளை இடித்தனர், பெண்களுக்கு இழைத்த கொடுமையை இப்பாடத்தில் விரித்தெழுத என் கை ஒருப்படவில்லை. பொறுப்புள்ள அலுவலர் இங்ஙனம் செய்திருப்பரோ என்று அந்நாளில் பலரும் நம்ப மறுத்தனர். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் அவ்வூர் சென்று கேட்டறிந்து வழக்குக்குத் துணை நின்றனர். நடுவண் புலனாய்வுத் துறை 269 பேர் மீது குற்றம் சாட்டியது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஐம்பத்து நால்வர் அதற்குள் இறந்துவிட்டனர். மேல்முறையீட்டைக் கேட்ட உயர் நீதிமன்ற நீதிபதி அவ்வூருக்கு நேரிலேயே சென்று பார்த்தார். 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தோர் ஆண்டுகள். சிறுமியராய் இருந்தோர் பாட்டிமாராகும் காலம். அத்தனை ஆண்டுகளும் அம்மகளிர் சொன்னதையே சொல்லி நின்றனர். அவர்கள் சொல் தளராமல் நின்றதற்கு, உடன் நின்றோரும் தளராமல் நின்றது ஒரு காரணம் என்று யான் நம்புகிறேன்.

"கள்வனுக்கும் கொலைகாரனுக்கும் கூடவா உரிமை?" என்று திண்ணையில் அமர்ந்து கேட்பார் உளர். யானும் முன்னாளில் கேட்டவனே. கோவலனும் அன்று கள்வன் என்றே பெயர் பெற்றிருந்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விழைகிறேன். கள்வன் யார் என்பது ஆராய்ந்த பின்னரே தெரியும். ஆராயும்வரை அவனைக் காப்பது கள்வனைக் காப்பது ஆகாது. ஆராய்ந்து குற்றம் தெளிந்த பின்னும், தண்டிக்கச் சட்டம் உண்டு. லத்திக்கு அங்கே இடமில்லை.

பணத்தைப் பற்றிய குறை இதனினும் கனமானது. அயல்நாட்டுப் பொருளைப் பெற்று அயலார் குரலில் பேசுகிறார்கள் என்பர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்நாட்டு, வெளிநாட்டு நிதி நிறுவனம் எதனிடமும் பொருள் பெறுவதில்லை. உறுப்பினர் தாமே செலவு செய்கின்றனர். அருணா ராயின் அமைப்பில் முழுநேரம் உழைப்போர் கூலியாளுக்குரிய குறைந்த அளவு ஊதியத்தையே பெறுகின்றனர். எல்லா அமைப்புகளும் இவ்வாறு நடத்தல் இயலாது. வழக்கறிஞரும் எழுத்தரும் உண்ணாமல் உழைக்க முடியாது அன்றோ? நன்கொடை பெறட்டும், அயல்நாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த நெறிப்படி பெறட்டும். ஆனால் பிறர் கணக்கைக் கேட்போர் தம் கணக்கை முதலில் விரித்து வைத்தல் வேண்டும். இதில் யான் சலுகை காட்ட மாட்டேன். அரசும், கணக்கில் பிழை என்னும் பெயரால் கருத்தை ஒறுத்தல் ஆகாது.

மற்றொரு குறையும் எனக்கு உண்டு. இவர்கள் வெளியிடும் அறிக்கைகள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. எவருடைய துயரம் எழுதப்பட்டதோ அவரே அதனைப் படிக்க முடிவதில்லை. துயருற்றோர் முகத்தைப் படம் எடுத்துத் தம் பெருமைக்குப் பயன்படுத்துவாரும் சிலர் உளர் என்று கேள்விப்படுகிறேன். என் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "தமிழில் எழுதித் தர ஆள் வேண்டும், ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

உச்சிப்புளியிலிருந்து கிழக்கே இரயில் ஏறினால் மண்டபம் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழரை அனுப்பிய ஆங்கிலேயர் காலத்து முகாம் ஒன்று அங்கே இருந்தது. 1983ஆம் ஆண்டில் இலங்கையில் நேர்ந்த கொடுமைக்குப் பின் படகேறி வந்த தமிழருக்கு அதுவே புகலிடம் ஆயிற்று. புகலிடம் தேடி வந்தோர்க்கு வாக்குரிமை இல்லை. ஆதலின் வாக்குக் கேட்டு அவர்கள் வாயிலுக்கு வருவாரும் இல்லர். ஆயினும், உயிருக்கும் உடல் விடுதலைக்கும் காப்பளிக்கும் நம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு, குடிமகன் என்று சொல்லவில்லை. எவரையும் என்றே சொல்கிறது.

அம்முகாமில் 1986ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள் என்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். இவ்வுண்மை அக்குழந்தை வளர்ந்து மணம் புரிந்து தாயான பின்னும் அவருக்குப் பயன்படவில்லை. கடவுச்சீட்டுக் கேட்டார், மறுக்கப்பட்டது. வழக்கறிஞர் துணையுடன் மதுரைக் கிளையை அணுகினார். 2022 ஆகஸ்டில் அவர் இந்தியக் குடிமகளே என்று நீதிமன்றம் கூறியது. 2024 ஏப்பிரல் 19ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் அவர் முதல்முறையாக வாக்களித்தார். பதினெட்டு அகவை நிறைந்த பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மைத்துளிக்குக் காத்திருந்தார்.

என் மாணவி இப்போது விடுமுறை நாள்களில் மண்டபத்துக்கு வருகிறாள். அந்நாளுக்கு முன் பிறந்தோர் வேறு எவரெவர் என்று வீடு வீடாகக் கேட்கிறாள். சிலரிடம் பிறப்புச் சான்று உண்டு. சிலரிடம் மருத்துவமனைச் சீட்டு மட்டும் உண்டு. சிலரிடம் தாயின் நினைவு ஒன்றுதான் உண்டு. போன திங்கள் அவற்றுள் மூன்றைப் படியெடுக்க என்னிடம் கொடுத்துச் சென்றாள். அம்மூன்றனுள் ஒன்றில், "புயல் அடிச்ச மறுவருசம், ஆடி மாசம், அடைமழையிலே பொறந்தான்" என்று இருக்கிறது. ஆடியில் இங்கே அடைமழை பெய்வது அரிது. அந்த அம்மையார் மாதத்தை மறந்தாரோ, மழையை மறந்தாரோ, யான் அறியேன். உள்ளபடியே எழுதி, பக்கத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். மாணவி வந்தால் மீண்டும் ஒருமுறை சென்று கேட்டு வரச் சொல்ல வேண்டும்.